புதிய டொமைன் பின்னொட்டுகள்: பிராண்டு பெயரை எல்லாவற்றிலும் வாங்கிப் போட வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் 22 ஆண்டுகளாக மசாலாப் பொடி தயாரித்து விற்கிறோம். எங்கள் பெயரைத் தமிழில் ஒரு வட்டச் சின்னத்துக்குள் எழுதி, அதை டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருக்கிறோம். டாட் இன், டாட் காம் இரண்டு இணைய முகவரிகளும் (டொமைன்) கையில் உள்ளன. டாட் ஷாப், டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன் என்று 30 பின்னொட்டுகளில் உடனே வாங்காவிட்டால் பெயர் பறிபோய்விடும் என்கிறார் எங்கள் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட். வெளிநாட்டிலிருந்தும் அதே எச்சரிக்கையோடு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முப்பதும் தேவையில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவே வேண்டாம்.

அந்த மின்னஞ்சலை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனெனில் இதே வாசகம் பல ஆண்டுகளாகத் தொழில் முனைவோரைச் சுற்றி வருகிறது. ‘உங்கள் பெயரை டாட் சிஎன், டாட் ஏஷியா ஆகியவற்றில் பதிவு செய்ய ஒரு நிறுவனம் எங்களிடம் விண்ணப்பித்துள்ளது, அவர்கள் உங்கள் கூட்டாளியா என்று ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்’ என்று இருந்திருக்கும். டொமைன் பதிவு என்பது முதலில் கேட்டவருக்கு முதலில் கிடைப்பது. பணம் கட்டிய சில நிமிடங்களில் முடிந்துவிடும். உண்மையிலேயே யாராவது கேட்டிருந்தால் பெயர் அப்போதே அவருக்குப் போயிருக்கும். மூன்றாவது நபரான உங்களிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டிய கடமை எந்த ரிஜிஸ்ட்ராருக்கும் (டொமைன் பதிவு செய்து தரும் நிறுவனம்) கிடையாது. நீங்கள் பதில் எழுதினால், அந்தப் பெயர்களை அவர்களிடமே கூடுதல் விலைக்கு வாங்கச் சொல்வார்கள், நடப்பது அவ்வளவுதான்.

இனி ஏஜென்ட் சொன்னது. டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2012-ல் புதிய பின்னொட்டுகளுக்கு விண்ணப்பம் கேட்டபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 1,85,000 டாலர். அவற்றிலிருந்து 1,200-க்கும் மேற்பட்ட பின்னொட்டுகள் இணையத்தில் சேர்ந்தன. அடுத்த சுற்றுக்கு 2026 ஏப்ரல் முதல் விண்ணப்பம் பெறுவதாகவும் கட்டணம் 2,27,000 டாலர் என்றும் அறிவித்தார்கள். இவ்வளவு செலவழித்துப் பின்னொட்டை நடத்துபவர் அதை யாரிடமிருந்து மீட்பார்? ஏற்கெனவே பெயர் எடுத்து வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்களிடமிருந்துதான். 2015-ல் டாட் சக்ஸ் என்ற பின்னொட்டு வந்தது. ஒரு நிறுவனத்தைத் திட்டுவதற்குப் பயன்படும் சொல் அது. அதில் தங்கள் பெயரை முன்னுரிமையில் வாங்க டிரேட்மார்க் உரிமையாளர்களுக்கு வைத்த விலை 2,499 டாலர். தன் பெயரைப் பிறர் கெடுக்காமலிருக்க ஒருவர் ஆண்டுதோறும் காவல் கூலி கட்ட வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை நான் ஒருபோதும் நியாயம் என்று ஏற்றுக்கொண்டதில்லை. பெரிய நிறுவனங்கள் கட்டிவிடும். ஈரோட்டில் மசாலா அரைப்பவர் எத்தனை பின்னொட்டுக்குக் கட்டுவார்?

இதற்கு மாற்றாக ஐகேன் 2013-ல் கொண்டுவந்ததுதான் டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ். பதிவு பெற்ற டிரேட்மார்க்கை அதில் ஆண்டுக் கட்டணம் கட்டிச் சேர்த்து வைத்தால் (தொடக்கத்தில் ஆண்டுக்கு 150 டாலர்), இரண்டு வசதிகள் கிடைக்கும். புதிய பின்னொட்டு பொது விற்பனைக்கு வருமுன் சன்ரைஸ் என்ற முன்னுரிமைக் காலத்தில் உங்கள் பெயரை நீங்கள் முதலில் வாங்கலாம். இதற்கு அந்தப் பெயரை வியாபாரத்தில் பயன்படுத்துகிறீர்கள் என்ற சான்றும் தர வேண்டும். பொது விற்பனை தொடங்கிய பிறகு குறைந்தது 90 நாட்களுக்கு, அதே பெயரைக் கேட்பவருக்கு ஓர் எச்சரிக்கை காட்டப்படும். அதை மீறி அவர் வாங்கினால் உங்களுக்குத் தகவல் வரும். மீறி வாங்கினால் என்று சொன்னதைக் கவனியுங்கள். கிளியரிங்ஹவுஸ் யாரையும் தடுப்பதில்லை. ‘இதில் சேர்ந்துவிட்டால் உலகம் முழுக்க உங்கள் பெயர் பூட்டப்பட்டுவிடும்’ என்று சொல்லி விற்பவர் பொய் சொல்கிறார். நீங்கள் கேட்கும் டாட் ஷாப் போன்றவற்றுக்குச் சன்ரைஸ் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இனி வரப்போகும் பின்னொட்டுகளுக்குத்தான் இது உதவும்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்நாட்டில் உணவுப் பொருள் விற்பவர்களில் பலர் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். உங்கள் பதிவு தமிழ் எழுத்தில், ஒரு சின்னத்துக்குள் இருக்கிறது. சின்னத்துக்குள் இருப்பது மட்டும் பெரிய தடையில்லை. எழுத்து தனியாகப் பிரித்துப் படிக்கும்படி முதன்மையாக இருந்தால் கிளியரிங்ஹவுஸ் ஏற்கும். ஆனால் ஏற்பது தமிழ் எழுத்தை மட்டும்தான். டிரேட்மார்க் விண்ணப்பத்தில் தமிழ்ச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அது பதிவாளர் புரிந்துகொள்வதற்கான விளக்கம். அந்த ஆங்கில எழுத்துக்கூட்டல் பதிவான டிரேட்மார்க் ஆகிவிடாது. ஆகவே எவரேனும் உங்கள் பெயரை ஆங்கில எழுத்தில், இனி வரப்போகும் ஒரு பின்னொட்டில் கேட்டால் எச்சரிக்கையும் காட்டாது, உங்களுக்குத் தகவலும் வராது. ‘வாய்விட்டுச் சொன்னால் ஒரே பெயர்தானே’ என்று நீங்கள் கேட்கலாம். வழக்கு என்று வந்தால் நடுவர் ஒலி ஒப்புமையைக் கருதுவார், நம் நீதிமன்றங்களும் கருதும். கிளியரிங்ஹவுஸின் கணினியோ எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். அதில் ஓர் ‘ஹெச்’ கூடினாலும் குறைந்தாலும் வேறு பெயர்தான்.

ஆகவே 30 டொமைன்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பாக்கெட்டின் பின்பக்கத்திலும் இணையதளத்திலும் நீங்கள் பயன்படுத்தும் அதே ஆங்கில எழுத்துக்கூட்டலில், சின்னம் எதுவும் இல்லாத வெறும் சொல்லாக, மசாலாப் பொருட்கள் அடங்கும் 30-ஆம் வகுப்பில் புதிதாக ஒரு டிரேட்மார்க் விண்ணப்பம் போடுங்கள். தனிநபர், சிறு நிறுவனம் என்றால் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. டிரேட்மார்க் பதிவகத்தின் இதழில் விண்ணப்பம் வெளியான பின் எதிர்ப்புத் தெரிவிக்க மட்டுமே நான்கு மாத அவகாசம் உண்டு. யாராவது எதிர்த்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நிலுவையில் இருக்கும் விண்ணப்பத்தைக் கிளியரிங்ஹவுஸ் ஏற்காது என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டொமைனைப் பொறுத்தவரை, இருக்கும் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் நேரடியாகச் சில்லறை விற்பனை செய்தால் டாட் ஷாப், டாட் ஸ்டோர் இரண்டில் ஒன்றை வாங்கலாம். வாங்குமுன் இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு விலையைக் கேளுங்கள். முதல் ஆண்டுக்கு நூறு, இருநூறு ரூபாய் என்று காட்டுவதை அடுத்த ஆண்டு ஆயிரங்களில் கேட்பது இந்தச் சந்தையில் வழக்கம். 30 பெயர்களை மலிவு என்று வாங்கியவர் அடுத்த ஆண்டில்தான் கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

அதைவிட முக்கியம், இருக்கும் இரண்டும் யார் பெயரில் இருக்கின்றன என்பது. கரூரில் துண்டு, படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒருவர் என்னிடம் வந்தார். பத்தாண்டுகளாக அவர் கட்டணம் கட்டிய டொமைனில் உரிமையாளர் என்ற இடத்தில் இருந்தது ஏஜென்ட்டின் பெயர். மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் ஏஜென்ட்டுடையவை. பில் பாக்கி பற்றி இருவருக்கும் தகராறு வந்த வாரத்தில் இணையதளமும் நின்றது, வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களும் நின்றன. வெளியாள் எவரும் அவர் பெயரைத் திருடவில்லை. கடைசியில் தன் பெயரைத் தானே விலை பேசி வாங்கினார். ஆகவே இன்றே ரிஜிஸ்ட்ரார் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, உள்ளே சென்று, உரிமையாளர் இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரும் நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலும் இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். தர மறுக்கும் ஏஜென்ட்டிடம் 31-ஆவது டொமைனை வாங்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் உங்கள் பெயரை ஏதோ ஒரு பின்னொட்டில் எடுத்துப் போலி மசாலா விற்றால், வழி இருக்கிறது. டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க் போலவே பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. புதிய பின்னொட்டுகளுக்கும் டாட் காமுக்கும், ஐகேன் 1999-ல் வகுத்த நடுவர் முறைப்படி உலக அறிவுசார் சொத்து அமைப்பில் புகார் செய்யலாம். ஒரு நடுவர் என்றால் ஐந்து பெயர்கள் வரை கட்டணம் 1,500 டாலர், அதாவது ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல். சுமார் இரண்டு மாதத்தில் முடிவு வரும். பெயர் மாற்றித் தரப்படும் அல்லது ரத்தாகும், இழப்பீடு கிடையாது. எதிரி தீய நோக்கத்தோடு பதிவு செய்ததையும் பயன்படுத்துவதையும் இரண்டையுமே நிறுவ வேண்டும். டாட் இன் என்றால், அந்தப் பின்னொட்டை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பு நடத்தும் தனி நடுவர் முறை. அங்கே இரண்டில் ஒன்றை நிறுவினால் போதும்.

புகார் செய்யும் எண்ணம் இருந்தால் ‘என்ன விலைக்குத் தருவீர்கள்’ என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். அவர் தானாக வந்து கொள்ளை விலை கேட்டால் அது அவருக்கு எதிரான சான்று. நீங்கள் கேட்டு அவர் சொன்னால் அந்தச் சான்று வலுவிழந்துவிடும். அவருடைய பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் பழைய பில் புத்தகங்களையும் முதல் பாக்கெட் அச்சடித்த அச்சக ரசீதையும் தேடி எடுங்கள். 22 ஆண்டுப் பயன்பாட்டுக்கு அந்த ரசீதைவிட வலுவான சான்று வேறில்லை.