செவ்வியல் இயற்பியலில் துகள், அலை என்றால் என்ன?

"துகள் என்றால் ரொம்பச் சின்னப் பொருள், அலை என்றால் மேலும் கீழும் ஆடுவது, அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூ வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

செவ்வியல் இயற்பியலில், அதாவது குவாண்டம் வருவதற்கு முந்தைய இயற்பியலில், முதலில் அளவை விட்டுவிடுங்கள். சூரியனைச் சுற்றும் பாதையைக் கணக்கிடும்போது பூமியே துகள்தான். நிறை முழுவதையும் ஒரே புள்ளியில் வைத்துக் கணக்குப் போட முடிந்தால் போதும், அது துகள். இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது, என்ன விசை இழுக்கிறது என்று தெரிந்தால் மிச்சத்தை நியூட்டன் விதிகள் பார்த்துக்கொள்ளும்.

நான் வளர்ந்தது வியாசர்பாடியில். கேரம் போர்டு போடாத சாயங்காலம் எங்கள் தெருவில் கிடையாது. ஸ்ட்ரைக்கர் காயில் பட்டால் காய் தெறிக்கும். ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகாது. அதே தெருவில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும்போது இரண்டு கல்லைப் போட்டுப் பாருங்கள். இரண்டு வளையங்களும் சந்திக்கிற இடத்தில் கூடும், குறையும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி அதனதன் வழியில் போய்விடும். மேற்பொருந்துதல் என்பது இதுதான். என்னைக் கேட்டால் அலைக்கு முக்கிய அடையாளமே இது. பயணம் போவதும் தண்ணீர் இல்லை, அதில் உண்டான கலக்கம். (மெரினாவில் கரையில் உடையும் அலையை வைத்து இதைச் சோதிக்காதீர்கள், அது செருப்பையே இழுத்துக்கொண்டு போய்விடும்.)

ஒளி எந்தக் கட்சி என்பதில்தான் பெரிய சண்டை. டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் அலை என்றார், நியூட்டன் துகள் என்றார். நியூட்டன் சொன்ன காரணம் லேசுப்பட்டதல்ல: ஒலி மூலை திரும்பி வருகிறது, ஒளி வருவதில்லையே? அடுத்த தெரு கோயில் ஸ்பீக்கர் நம் வீட்டுக்குள் கேட்கும், அங்கே எரியும் சீரியல் லைட் தெரியாது. சிக்கல் அலைநீளத்தில், அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில் இருந்தது. அது எவ்வளவு நீளமோ அவ்வளவு நன்றாக அலை மூலை திரும்பும். 340 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 1 மீட்டர். பச்சை ஒளிக்கோ சுமார் 0.0005 மில்லிமீட்டர். ஒளியும் வளையத்தான் செய்கிறது, நம் கண்ணில் படுகிற அளவுக்கு இல்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங், ஒளியோடு ஒளி சேர்ந்தால் இருட்டும் வரும் என்று காட்டினார். காயோடு காய் சேர்ந்து காணாமல் போகுமா? துகள் கட்சியின் கணக்குப்படி தண்ணீருக்குள் ஒளி இன்னும் வேகமாகப் போக வேண்டும். 1850இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ சோதித்துப் பார்த்தார், மெதுவாகத்தான் போனது.