வழிகாட்டிப் பக்கம்: மாமா சொல்வதா, டீச்சர் சொல்வதா?

கேள்வி: வயசு 20. பிளஸ் டூ முடிச்சதும் ஆம்பூர்ல ஷூ கம்பெனியில அப்பர் (ஷூவோட மேல்பகுதி) தைக்கிற செக்‌ஷன்ல சேர்ந்தேன். கைக்கு 11 ஆயிரம் வருது. அப்பா ஆட்டோ ஓட்டினவர், பக்கவாதம் வந்து ஒரு வருஷமா வீட்டோட இருக்கார். மருந்துக்கே மாசம் 3 ஆயிரம் போகுது. தம்பி அரசுப் பள்ளியில பத்தாவது. நான் குரூப் 4 எழுதி அரசு வேலைக்குப் போகணும். மாமா ‘தலையெழுத்தை யாரால மாத்த முடியும்’ங்கிறார். எங்க டீச்சர் ‘மனசு வெச்சா நடக்கும்’ங்கிறாங்க. யார் சொல்றது சரி?
- ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: மகளே, மாமா உங்கள் நிலைமையைப் பார்க்கிறார், டீச்சர் உங்கள் ஆசையைப் பார்க்கிறார். உங்கள் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று இருவருமே கேட்கவில்லை. நாம் அங்கிருந்து தொடங்குவோம்.

வேலை, பஸ், சமையல் எல்லாம் போக, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாளுக்கு 9 மணி, ஞாயிறு 4 மணி, ஆக வாரத்துக்கு 13. வருஷத்தில் 50 வாரம் பிசகாமல் படித்தால் 650 மணி நேரம். வீட்டிலிருந்தே தினம் எட்டு மணி நேரம் படிப்பவருக்கு இது 81 நாள் படிப்பு. அவர் மூன்று மாதத்தில் முடிப்பதை முடிக்க உங்களுக்கு ஒரு வருஷம் ஆகும். அதனால் முதல் தேர்வைப் பழகுவதற்கும், அடுத்த தேர்வைத் தேறுவதற்கும் என்று இப்போதே வகுத்துக்கொள்ளுங்கள். ஒரே தேர்வில் எல்லாம் நடந்துவிடும் என்று வேலையை விடுகிறவர்கள்தான், ரிசல்ட் வந்த வாரத்தில் ‘தலையெழுத்து’ என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் அந்தப் 11 ஆயிரம் நின்றுபோகக் கூடாது.

குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். இதில் தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. தமிழ்ப் பகுதியின் 150-ல் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பாதித் தேர்வு தமிழ் என்பதால் உங்கள் நேரத்திலும் பாதி தமிழுக்கு. 6 முதல் 10 வரையிலான சமச்சீர் தமிழ்ப் புத்தகங்களை மூன்று தடவை முடிக்காமல் எந்த கைடையும் வாங்காதீர்கள். நாலைந்து கைடுகளைக் குவித்து ஒவ்வொன்றிலும் முதல் ஐம்பது பக்கம் படிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கணக்கு தினம் 20 நிமிடம், பேனாவால் எழுதிப் போட வேண்டும். பஸ்ஸில் கண்ணால் பார்த்துப் படிப்பது தமிழுக்கு உதவும், கணக்குக்கு உதவாது.

கடைசி இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓஎம்ஆர் தாளை (விடைக்கு வட்டம் நிரப்பும் தாள்) ஜெராக்ஸ் எடுத்து, கடிகாரம் வைத்து முழுத் தேர்வு எழுதிப் பாருங்கள். தெரியாத கேள்வியை வெறுமனே விடக் கூடாது. ‘விடை தெரியவில்லை’ என்பதற்கான ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும். 200 வட்டத்தைக் கறுப்பாக்கவே கணிசமான நேரம் ஆகும். அது பழகாத கைக்குத் தேர்வறையில்தான் தெரியவரும்.

நீங்கள் தமிழ் வழியில் படித்திருந்தால் அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்த சான்று வேண்டும். இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டு தலைமையாசிரியர்களிடமும் வாங்க வேண்டும். அறிவிக்கை வந்த பிறகு எல்லோரும் பள்ளிக்கு ஓடுவார்கள், நீங்கள் இந்த மாதமே வாங்கி வையுங்கள்.

இப்போது அந்த 3 ஆயிரத்துக்கு வருவோம், எங்களுக்கு அதுதான் உறுத்துகிறது. சம்பளம் 21 ஆயிரத்துக்குள் என்பதால் உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் இஎஸ்ஐ-க்கு (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடிக்க வேண்டும். சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடிக்கிறார்கள் என்றால், உங்களை நம்பியிருக்கும் அப்பாவையும் அதில் சேர்க்கலாம். வேலைக்குச் சேர்ந்தபோது ‘குடும்பத்தினர்’ கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பீர்கள், பல பெண்கள் அப்படித்தான் விடுகிறார்கள். ஆதாரும் குடும்பப் படமும் எடுத்துக்கொண்டு கம்பெனி எச்ஆரிடம் கொடுத்து அப்பா பெயரை ஏற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு மருந்து இஎஸ்ஐ மருந்தகத்தில் கிடைக்கும். அந்தப் பணத்தில் பாதி மிஞ்சினாலும், ஓவர்டைம் பார்க்காமல் வீட்டுக்கு வந்து படிக்கலாம்.

தம்பியைப் ‘நல்ல ஸ்கூல்’ என்று தனியாருக்கு மாற்றிவிடாதீர்கள். மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கல்லூரியில் சேர்ந்த பிறகு தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் அவன் கணக்குக்கு வரும்.

கேள்வி: தோல் ஷெட்ல வேலை பார்க்கிறேன். பொண்ணுக்கு கவுன்சலிங்ல இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருக்கு. வருஷம் 1 லட்சம் ஆகும். தெரிஞ்சவர் ரெண்டு வட்டிக்குத் தர்றேங்கிறார். பேங்க்னா அலையணும். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அலையுங்கள் ஐயா. ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். நாலு லட்சமும் வாங்கி முடித்த நிலையில் வட்டி மட்டும் மாதம் 8 ஆயிரம், வருஷம் 96 ஆயிரம். கிட்டத்தட்ட ஒரு வருஷ ஃபீஸ், அசலில் ஒரு ரூபாய் குறையாமல்.

வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை நீங்கள் கைப்பணம் போட வேண்டாம், சொத்து அடமானமும் வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும், இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 10 சதவீதம் என்று வைத்தால், வருஷம் 1 லட்சமாக எடுத்த 4 லட்சம், கட்டத் தொடங்கும்போது 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். ஏழு வருஷத் தவணையில் மாதம் சுமார் 8,960 ரூபாய். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் (முதல் வருஷம் மாதம் 833 ரூபாய்) தவணை சுமார் 6,640-தான். முதல் வேலையில் இருக்கும் பெண்ணுக்கு அந்த 2,300 ரூபாய் பெரிய தொகை.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் அல்லது என்பிஏ தரச்சான்றும் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றை இ-சேவையில் முதலிலேயே எடுத்துவிடுங்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். கிளையில் வாய்வார்த்தையாக ‘முடியாது’ என்றால் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு கொடுக்கலாம். வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றும் எடுங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. எல்லாத் தாளிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும்.

கேள்வி: லுங்கி தறி ஓட்டுகிறோம். பையன் பத்தாவதில் 280, கணக்கில் 41. இன்ஜினியர் ஆகணும்ங்கிறான். ஐடிஐ-ல போட்டால் அந்த ஆசை அதோட போச்சா?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: போகாது. இரண்டு வருஷ ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு. டிப்ளமோ முடித்தால் பி.இ.-யில் நேரடி இரண்டாம் ஆண்டு. 2, 2, 3 என்று ஏழு வருஷம். பிளஸ் டூ வழியாகப் போனால் ஆறு. ஒரு வருஷம் கூடினாலும், வீட்டில் பணம் முடையானால் நின்று சம்பாதிக்க நடுவில் இரண்டு இடம் இருக்கிறது. தறி ஓடினால்தான் சோறு என்ற வீட்டுக்கு இந்த வழியே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

அரசு ஐடிஐ-யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஃபிட்டர் எடுத்தால் முதல் சில மாதம் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவுவதுதான் வேலை. டிரை ஸ்கொயரை (மூலைமட்டம்) வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. நாளெல்லாம் நின்றுகொண்டே செய்ய வேண்டும், கை கொப்பளிக்கும். பாதியில் விடுகிற பையன்கள் இந்த மாதங்களில்தான் விடுகிறார்கள், அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உண்மையான தடை கணக்கு. நேரடி இரண்டாம் ஆண்டு போகிறவர்கள் டிப்ளமோ முதலாண்டுக் கணக்கைப் படித்திருக்க மாட்டார்கள், அரியர் விழுவது அங்கேதான். ஐடிஐ படிக்கும்போதே தினம் அரை மணி, முதல் வருஷம் பத்தாம் வகுப்பு இயற்கணிதமும் முக்கோணவியலும், அடுத்த வருஷம் பிளஸ் ஒன் வகையிடலும் தொகையிடலும் போட்டுப் பழகட்டும். ஐடிஐ தேறியதும் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித் தாள்களை மட்டும் எழுதி வென்றால் பிளஸ் டூ-வுக்கு இணைச் சான்றும் வாங்கலாம். அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பத்தாவது முடித்து, பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலையில் பி.ஏ. வாங்கினேன். குரூப் 2 எழுதலாமா?
- ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: தமிழக அரசு வேலைக்கு 10, 12, பட்டம் என்ற வரிசை வேண்டும் தம்பி, இந்தப் பட்டம் செல்லாது. தேர்வில் வென்றாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதித் தேறி, அதன் பிறகு புதிதாக ஒரு பட்டத்தில் சேருங்கள். அதுவரை பத்தாவதை வைத்தே குரூப் 4 எழுதலாம். வயது வரம்பை மட்டும் உங்கள் பிரிவுக்கு எவ்வளவு என்று அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.