மாணவர் எண்ணை எழுதலாமா?

கேள்வி: விண்ணப்பத்தில் ‘அரசு அடையாள எண்’ என்ற கட்டத்தில் என் மகளின் கல்லூரி மாணவர் எண்ணை எழுதலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. மாணவர் எண் அந்தக் கல்லூரியின் பதிவேட்டில் மட்டும்தான் செல்லும். கல்லூரி மாறினால் எண்ணும் மாறிவிடும். அரசு எண் அப்படியல்ல. ஆதாரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 12 இலக்கம், 0, 1 இரண்டிலும் தொடங்காது. கடைசி இலக்கம் முந்தைய 11 இலக்கங்களை வைத்துக் கணக்கிட்டது. நடுவில் ஒன்று பிசகினாலும் கணினி பிடித்துவிடும்.

விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் நான் இருந்தபோது, ஒரு பையன் தன் மாணவர் எண்ணை எழுதி, மிச்சக் கட்டங்களைப் பூஜ்யத்தால் நிரப்பியிருந்தான். நீல மையில், அவ்வளவு அழகான கையெழுத்து! திருப்பி அனுப்ப மனசே வரவில்லை.

மகளுக்கு அரசு எண் இன்னும் வரவில்லையென்றால் எதையும் இட்டு நிரப்பாதீர்கள். விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.