விமானத்தின் ஜிபிஎஸ் திரைப் பக்கத்தில் சிக்னல் பட்டைகள் உயரமாக இருந்தால் இருப்பிடத்தை நம்பலாமா?

அதை மட்டும் வைத்து நம்பக் கூடாது. ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். நானும் ஏமாந்திருக்கிறேன்.

பட்டையின் உயரம் சொல்வது சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டும். உயரத்தைவிட, பட்டை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பல கருவிகளில் வெற்றுப் பட்டை என்றால் சிக்னல் கிடைத்துவிட்டது, அந்தச் செயற்கைக்கோளின் சுற்றுப்பாதைத் தகவல் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தத் தகவல் 30 வினாடிக்கு ஒருமுறை திரும்ப வரும், கொஞ்சம் பொறுத்தால் போதும். நிரம்பிய பட்டைதான் கணக்கில் சேர்ந்தது.

ஒருமுறை ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே நின்ற விமானத்தில் சோதனை செய்தேன். ஆறு பட்டை, எல்லாமே நிரம்பி, நல்ல உயரம். ஆனால் இருப்பிடப் பிழையைச் சொல்லும் ஈபியூ எண் இறங்கவே இல்லை. ஆன்டெனாவில் கோளாறு என்று நினைத்துக் கழற்றப் போய்விட்டேன். அப்புறம்தான் அதே திரையில் இருந்த வான வட்டத்தைக் கவனித்தேன். அதில் நடுப்புள்ளி நம் உச்சி, வெளி விளிம்பு தொடுவானம். ஆறு செயற்கைக்கோளும் ஒரே பாதியில் குவிந்து கிடந்தன. மறுபாதியைக் கூரை மறைத்திருந்தது. விமானத்தை இழுத்து வெளியே நிறுத்தியதும் எண் தானாக இறங்கியது.

ஈபியூ என்பது இருப்பிடப் பிழையின் மதிப்பீடு. 0.03 கடல் மைல் என்று காட்டினால், காட்டும் இடத்தைச் சுற்றிச் சுமார் 55 மீட்டருக்குள் நீங்கள் இருக்க 95 சதவீத வாய்ப்பு. செயற்கைக்கோள்கள் வானில் பரவலாக இருந்தால்தான் அது சிறியதாகும்.

எண்ணிக்கையும் முக்கியம். 4 இருந்தால் உயரத்தோடு சேர்த்து இருப்பிடம் கிடைக்கும். அதில் ஒன்று தவறான தகவல் தந்தால் கண்டுபிடிக்க 5 வேண்டும், அதை அடையாளம் கண்டு ஒதுக்க 6. இந்தச் சோதனைக்குப் பெயர் ரெய்ம். அது கிடைக்கவில்லை என்று எச்சரிக்கை வந்தால், பட்டைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஜிபிஎஸ்ஸை நம்பி அப்ரோச் (தரையிறங்க ஓடுபாதையை நெருங்குவது) பறக்கக் கூடாது.

ஜிபிஎஸ் திரையில் காட்டும் உயரம் ஆல்டிமீட்டரோடு (உயரமானி) ஒத்துப்போகாதது பழுதல்ல. ஜிபிஎஸ் காட்டுவது நேரடி உயரம், ஆல்டிமீட்டர் காட்டுவது காற்றழுத்தக் கணக்கு.

சரி, இதெல்லாம் உண்மையான சிக்னலுக்கு. யாராவது போலி சிக்னல் அனுப்பினால் பட்டைகள் உயரமாகவே நிற்கும், ஈபியூவும் சின்னதாகவே இருக்கலாம். அப்போது சில சமயம் அந்தப் பக்கத்திலுள்ள கடிகாரம்தான் சம்பந்தமில்லாமல் தாவிக் காட்டிக்கொடுக்கும்.