ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன், அமெரிக்காவில் வீட்டுக் கடன் கிடைக்குமா?

கேள்வி: டெக்ஸாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். எனக்கு ஹெச்-1பி வேலை விசாவில் ஆறு வருடம் முடிந்துவிட்டது. ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) அப்ரூவ் ஆகி, கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். மனைவி ஹெச்-4 இஏடி-யில் (ஹெச்-1பி-காரரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி) வேலை பார்க்கிறார். 4.5 லட்சம் டாலருக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். முன்பணமாக 10 சதவீதம் கையில் இருக்கிறது. எஃப்ஹெச்ஏ லோன் (அரசு காப்புறுதி தரும் வீட்டுக் கடன்) எடுத்தால் 3.5 சதவீதமே போதும் என்கிறார் ஏஜென்ட். கிரீன் கார்டு வாங்காமல், 20 சதவீதம் கட்டாமல் எந்த பேங்கும் கடன் தராது என்கிறார் நண்பர். என் ஐ-797 (ஹெச்-1பி அனுமதிக் கடிதம்) எட்டு மாதத்தில் முடிகிறது. நிலம் விற்ற பணத்தில் கொஞ்சம் அனுப்புவதாக ஊரிலிருந்து அப்பா சொல்கிறார். இப்போது வாங்கலாமா?

பதில்: இருவர் சொன்னதும் சரியில்லை. ஏஜென்ட் சொன்னது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க வீட்டுவசதித் துறை விதியை மாற்றியது. அந்த ஆண்டு மே 25 முதல், நிரந்தரமாகத் தங்கும் உரிமை (கிரீன் கார்டு) இல்லாத வெளிநாட்டவர்களுக்கு எஃப்ஹெச்ஏ கடன் கிடையாது. ஹெச்-1பி, எல்-1 போன்ற வேலை விசாக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கதவு மூடிவிட்டது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் திறந்திருக்கிறது.

உங்களுக்குப் பொருந்துவது கன்வென்ஷனல் லோன், அதாவது அரசு காப்புறுதி இல்லாத சாதாரண வீட்டுக் கடன். இந்தக் கடன்களில் பெரும்பகுதியை வங்கிகளிடமிருந்து வாங்கிக்கொள்பவை ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரண்டு நிறுவனங்கள். சட்டப்படி அமெரிக்காவில் தங்கியிருப்பவர் என்றால், குடிமக்களுக்கு உள்ள அதே நிபந்தனையில் கடன் தரலாம் என்பதுதான் இரண்டின் விதியும். விசாவுக்காகக் கூடுதல் முன்பணம் கேட்கச் சொல்லி அதில் எதுவும் இல்லை. 20 சதவீதத்துக்குக் கீழே கட்டினால் பிஎம்ஐ என்ற காப்பீட்டுத் தொகை மாதாமாதம் சேரும், அவ்வளவுதான். அது குடிமகனுக்கும் உண்டு. வீட்டின் ஆரம்ப மதிப்பில் கடன் 80 சதவீதத்துக்கு இறங்கியதும், அதை எடுத்துவிடச் சொல்லி நீங்களே எழுதிக் கேட்கலாம்.

அப்படியானால் நண்பர் ஏன் அப்படிச் சொன்னார்? சில வங்கிகள் இந்த விதிகளுக்கு மேல் தங்கள் சொந்த விதியையும் வைத்திருக்கின்றன. விசா முடிய இத்தனை மாதம் மிச்சம் இருக்க வேண்டும், முன்பணம் அதிகம் வேண்டும் என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு வங்கி மறுத்தால் அது அந்த வங்கியின் கொள்கை மட்டுமே. ஹெச்-1பி-காரர்களுக்கு அடிக்கடி கடன் தரும் வேறு இடத்தில் கேளுங்கள். முதல் போனிலேயே லோன் ஆபீசரிடம் விசா வகையையும் ஐ-797 முடியும் தேதியையும் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸும் கட்டிய பிறகு அண்டர்ரைட்டர் (கடன் மனுவைப் பரிசீலிப்பவர்) அந்தத் தேதியைப் பார்த்துத் தயங்கினால், நெருக்கடி உங்களுக்குத்தான்.

உங்கள் எட்டு மாதக் கணக்கைச் சரிசெய்ய நேரம் இருக்கிறது. ஹெச்-1பி நீட்டிப்புக்கு, முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஐ-140 அப்ரூவ் ஆகி, கிரீன் கார்டு வரிசையில் காத்திருப்பதால் மூன்று வருடம் வரை நீட்டிப்பு கிடைக்கும். பிரீமியம் ப்ராசஸிங் என்ற விரைவுப் பரிசீலனைக்குப் பணம் கட்டினால் 15 வேலை நாளில் பதில் வரும். எனவே இரண்டு மாதம் பொறுங்கள். நீட்டிப்பை முதலில் வாங்குங்கள், அப்புறம் கடனுக்குப் போங்கள். வருமானம் இன்னும் மூன்று வருடமாவது வருமா என்பதுதான் கடன் தருபவரின் அடிப்படைக் கவலை. புது ஐ-797 அந்தக் கவலையைத் தீர்த்துவிடும். இந்த வீடு கைநழுவினாலும் பரவாயில்லை, வேறு வீடு வரும்.

மனைவியின் சம்பளம்? வேலை அனுமதி இருப்பதால் அதையும் வருமானத்தில் சேர்க்கலாம். ஆனால் சேர்க்காமல் கணக்குப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். அவருடைய இஏடி உங்கள் ஹெச்-1பி-யைச் சார்ந்தது. புதுப்பிக்க மனுப் போட்டாலே பழைய அனுமதி தானாக நீளும் வசதி முன்பு இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடும் மனுக்களுக்கு அது இல்லை. புது அட்டை வரும்வரை அவர் வேலையை நிறுத்த வேண்டி வரலாம். உங்கள் ஒரு சம்பளத்தில் தவணை தாங்குமா? தாங்கும் என்றால் வீடு உங்களுக்குப் பொருத்தமானது. கடனில் அவர் பெயர் சேராவிட்டாலும் பத்திரத்தில் சேர்க்கலாம், அதை விட்டுவிடாதீர்கள்.

வங்கி கேட்காத, நீங்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வேலை போனால் என்ன? ஹெச்-1பி-க்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் உங்களுக்காக மனுத் தாக்கல் செய்ய வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற மனுப் போட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். 60 நாளில் நல்ல விலைக்கு வீட்டை விற்று முடிப்பது கஷ்டம்.

எண்ணாகவே பார்ப்போம். 10 சதவீதம் போக 4,05,000 டாலர் கடன், வட்டி 6.5 சதவீதம், 30 வருடம் என்று வைத்துக்கொள்வோம். அசலும் வட்டியும் சேர்ந்து மாதம் சுமார் 2,560 டாலர். டெக்ஸாஸில் மாநில வருமான வரி இல்லை, அதற்குப் பதில் சொத்து வரி அதிகம். வருடத்துக்கு வீட்டு மதிப்பில் 2 சதவீதம் என்றால் மாதம் 750. வீட்டுக் காப்பீடும் பிஎம்ஐ-யும் சேர்ந்தால் 3,500 டாலரைத் தாண்டிவிடும். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் அசலில் குறைந்திருப்பது சுமார் 9,350 டாலர்தான். வாங்கிய விலைக்கே விற்று, கமிஷன் முதலான செலவுக்கு 6 சதவீதம் போனால், கையில் வருவது சுமார் 27,350. நீங்கள் போட்ட முன்பணம் 45,000. வாங்கும்போது கட்டிய க்ளோசிங் செலவு (வீட்டைக் கைமாற்றும்போது ஆகும் கட்டணங்கள்) தனி, அதுவே விலையில் 2 முதல் 5 சதவீதம் ஆகும்.

அதனால் என் கருத்து இது: முன்பணமும் க்ளோசிங் செலவும் போக, ஆறு மாதத் தவணை, அதாவது குறைந்தது 21,000 டாலர், வங்கியில் தொடாமல் இருக்க வேண்டும். அது இல்லாமல் இந்த வீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பத்து சதவீதம்தான் மொத்தச் சேமிப்பு என்றால், அடுத்த வருடம் பாருங்கள். கிரீன் கார்டு வரும்வரை காத்திருங்கள் என்று சொல்ல மாட்டேன். இந்தியர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். அதுவரை நீங்கள் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்க வேண்டுமா?

கிளம்ப நேர்ந்தாலும் விற்றே ஆக வேண்டும் என்றில்லை, வாடகைக்கு விடலாம். ஆனால் இந்தியா திரும்பி, அமெரிக்க வரிக் கணக்கில் நான்-ரெசிடென்ட் ஆன பிறகு விற்றால், ஃபிர்ப்டா என்ற, வெளிநாட்டவர் சொத்து விற்பனைக்கான வரிச் சட்டப்படி பொதுவாக விற்பனைத் தொகையில் 15 சதவீதம் வரை பிடித்து அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்-க்குக் கட்டிவிடுவார்கள். கணக்குத் தாக்கல் செய்து மிச்சத்தைத் திரும்ப வாங்கலாம், ஆனால் பணம் மாதக்கணக்கில் முடங்கும். விற்பதாக முடிவு செய்தால், கிளம்புவதற்கு முன்பே விற்கப் பாருங்கள்.

அப்பா பணத்துக்கு வருவோம். இந்தியாவில் வசிப்பவர், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி பிடிக்கும். அவருடைய வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், அதிகமாக இருந்தால் திரும்பக் கிடைக்கும். அதுவரைக்கும் அவர் கையில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே அந்தப் பணத்துக்கு உங்களுக்கு வரி இல்லை. ஒரு வருடத்தில் 1 லட்சம் டாலருக்கு மேல் வந்தால் மட்டும் படிவம் 3520 தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால் அபராதம் பெரிது.

லோன் ஆபீசர் கடைசி இரண்டு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார். அதில் திடீரென்று பெரிய தொகை இருந்தால் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். அப்பா கையெழுத்திட்ட கிஃப்ட் லெட்டர், நிலம் விற்ற பத்திரம், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் எடுத்து வையுங்கள். இது கடன் அல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை என்று அந்தக் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். டாலராக மாறி உங்கள் அமெரிக்கக் கணக்கில் க்ளோசிங்குக்கு முன்பே பணம் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதால், வீடு முடிவாகும்வரை காத்திருக்காமல் அப்பாவை இப்போதே வங்கிக்குப் போகச் சொல்லுங்கள்.