நாயின் கண் சிவந்து நீர் வடிகிறது, வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தைப் போடலாமா?

போடாதீர்கள். உங்கள் ஷிட்சுவின் கண் சிவந்து நீர் வடிகிறது, நேற்றிலிருந்து அதைப் பாதி மூடியே வைத்திருக்கிறது என்கிறீர்கள். சிவப்பைவிட அந்தப் பாதி மூடல்தான் எனக்குக் கவலை. நாய் கண்ணைச் சுருக்கினால் வலிக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிறிய நாய் இனங்களில் ஷிட்சுவும் ஒன்று என்பதால் நம் புளோக்குகளில் இதை நிறையவே பார்க்கலாம். தட்டை மூஞ்சி, துருத்திய கண். புல்லுக்குள் முகத்தை நுழைத்தாலே கருவிழியில் கீறல் விழலாம். மருத்துவர் ஒரு சாயத்தைத் தொட்டுவைத்து நீல வெளிச்சம் அடிப்பார். புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை அந்தப் புண்ணில் விட்டால் ஆறுவது தடைப்படும், கருவிழியில் ஓட்டையே விழலாம். வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

எங்கள் ஷிட்சுவுக்கு வந்தது கண் வறட்சி. காலையில் பார்த்தால் இமையோரத்தில் பசை மாதிரி மஞ்சள் பீளை. துடைத்தாலும் சாயங்காலம் மறுபடி வந்துவிடும். இமைக்குள் சின்னக் காகிதப் பட்டையைச் செருகி ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். 15 மில்லிமீட்டராவது நனைந்தால் சரி, 10-க்குக் கீழே போனால் வறட்சி. சைக்ளோஸ்போரின் களிம்பு கொடுத்தார்கள். பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், பெரும்பாலும் ஆயுசுக்கும் போட வேண்டும். நேருக்கு நேர் டியூபைக் காட்டினால் சோபாவுக்கு அடியில் ஓடிவிடுகிறது. பின்னாலிருந்து முழங்காலுக்கு நடுவே பிடித்து, தாடையைத் தூக்கி, தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் விடுகிறேன். அம்மா எதிரே வேகவைத்த கோழித்துண்டோடு நிற்பார். அது இல்லாமல் எதுவும் நடக்காது!

வயதான நாயின் கண் நீலச் சாம்பலாக மங்கினால், பூ விழுந்துவிட்டது என்று பலர் பதறுவார்கள். பல சமயம் அது வயதினால் கண்வில்லை இறுகுவது மட்டுமே, பார்வை பெரிதாகக் குறையாது. வெள்ளையாகப் படரும் புரை வேறு. அதற்குச் சர்க்கரை நோயும் ஒரு காரணம். இரண்டையும் வீட்டில் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆனால் கண் திடீரெனச் சிவந்து, மங்கி, பெரிதாகத் தெரிந்து, நாய் சுவரில் முட்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். ஓரிரு நாளில் பார்வையே போய்விடும். 24 மணி நேரக் கிளினிக்குகள் இங்கே இருக்கின்றன.

கிளம்பும்வரை தேய்க்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துப் பீளையை மட்டும் துடைக்கலாம். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்டுக்கொள்வதோடு சரி. அப்புறம், அந்தச் சொட்டு மருந்தை ஏற்கெனவே விட்டிருந்தால் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன மருந்து என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.