மூன்றாவது சுற்றிலேயே கதை சலிக்கிறதா?

வணக்கம் நண்பரே. உங்கள் கதையில் கடலூர் முதுநகர் மீனவர் ஒருவருக்கு, 'தானே' புயலுக்கு முந்தைய நாளான 2011 டிசம்பர் 29 திரும்பத் திரும்ப விடிகிறது, மூன்றாவது சுற்றிலேயே படிப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கரு அருமை, விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு சுற்றையும் விடியலில் இருந்தே சொல்கிறீர்கள், அதுதான் சிக்கல். நடந்தது வாசகருக்கும் நினைவிருக்கும். முதல் நாளை மட்டும் முழுசாகக் காட்டுங்கள். துறைமுகத்தில் ஏறும் புயல் கூண்டு, ஐஸ் உடைக்கும் சத்தம், மனைவி கொடுக்கும் டீ. அப்புறம் 'கூண்டு ஏறியது' என்ற ஒரு வரியே போதும். நான்காவது சுற்றில் அவள் டீயோடு திரும்பும் முன்பே இவர் கை நீளட்டும். அவள் ஒரு கணம் இவரை உற்றுப் பார்க்கட்டும். அந்தப் பார்வையில் நிதானமாக நில்லுங்கள், கதை அங்கேதான் இருக்கிறது.

சுற்றுக்குச் சுற்று அவர் எதைக் காப்பாற்ற ஓடுகிறார் என்பது மாற வேண்டும். முதலில் படகு, பிறகு பண்ருட்டிப் பக்கம் அண்ணனின் முந்திரித் தோப்பு, கடைசியில் ஒரு ஆள்.

தானே புயல் 30ஆம் தேதி காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த நேரத்திலேயே சுற்று அறுபடட்டும். தயவுசெய்து புயலை அவர் தடுப்பதாக மட்டும் முடிக்காதீர்கள். திருத்தியதும் போடுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.